மகன் 'மிஸ்ஸிங்' இல்லை

உடுவிலில் மாலை வேளைகளில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'ஐ ஆம் போரிங்' என்று எழுதும் பிள்ளைகளைத் திருத்துவதே பாதி வேலை. 'போரிங்' என்றால் மற்றவருக்குச் சலிப்பூட்டுபவர். 'போர்ட்' என்றால் சலிப்படைந்தவர். 'எட்' வடிவம் பெரும்பாலும் ஒருவருக்குச் செய்யப்பட்டதைச் சொல்லும்.

அண்மையில் அயலில் உள்ள அம்மா ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்ப ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரக் கேட்டார். 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்தவர். 'மை மிஸ்ஸிங் சன்' என்று தொடங்கினேன்.

"மிஸ்ஸிங் எண்டால் என்ன சேர்?"

"காணாமல் போன."

"அவன் போகேல்லை. நான்தான் கையில பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான்."

அவர் சொன்னது இலக்கணப்படியும் சரி. 'மிஸ்ஸிங்' இப்போதைய நிலையை மட்டுமே சொல்கிறது. கடலில் புயலுக்குள் அகப்பட்டவரும் மிஸ்ஸிங், சுனாமி கொண்டுபோனவரும் மிஸ்ஸிங். செய்தவர் யாரென்று அந்தச் சொல் கேட்பதில்லை.

'டிஸ்அப்பியர்ட்' என்பதும் பாடப்புத்தகத்தில் தானாக மறைந்ததையே குறிக்கும். அந்த வினை செயப்படுபொருள் ஏற்காது என்றுதான் நானும் படிப்பித்தேன். ஆனால் 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி ஆட்களைப் பிடித்துச் சென்று மறைத்தபோது, அங்குள்ளோர் ஸ்பானிய மொழியில் அவர்களை 'தெசபரெசிதோஸ்' என்றார்கள். ஆங்கிலமும் அதைப் பின்பற்றியது. 'வாஸ் டிஸ்அப்பியர்ட்' என்று இன்று எழுதலாம். அதற்குள் ஒரு கை மறைந்திருக்கிறது. தமிழில் 'போன' என்பது 'ஆக்கப்பட்ட' என மாறியதும் இதே மாற்றம்தான்.

2006ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயம் அந்தக் கையை வெளிப்படையாகவே சொல்கிறது: அரச தரப்பினரோ அவர்களின் ஆதரவு பெற்றோரோ ஒருவரைப் பிடித்து, பின்னர் அதை மறுப்பது அல்லது அவரது கதியை மறைப்பது. இலங்கை 2016இல் அதனை ஏற்றது. அதே ஆண்டு அலுவலகம் அமைக்க வந்த சட்டத்தின் பெயரிலோ 'மிஸ்ஸிங்'. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரும் அதன் வரைவிலக்கணத்துக்குள் அடங்குகிறார்கள், உண்மைதான். பெயர்ப்பலகையில் இல்லை.

ஒன்றில் மட்டும் ஆங்கிலம் எங்களை முந்திவிட்டது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய எங்களை அது 'டிஸ்பிளேஸ்ட்', அதாவது இடம்பெயர்க்கப்பட்டோர் என்கிறது. நாங்களோ இன்றும் 'இடம்பெயர்ந்தோம்' என்கிறோம், ஏதோ விரும்பிப் போனதுபோல.

கடிதத்தில் 'மிஸ்ஸிங்'கை வெட்டி, 'போர்சிப்லி டிஸ்அப்பியர்ட்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"நான் குடுத்த திகதியையும் இடத்தையும் போடுங்கோ சேர்" என்றார்.