நேற்றுக் கூட்டாளி, இன்று எதிராளி!

மாவட்டம் பிரிந்தால் கலெக்டர் ஆபீஸ் மட்டும்தான் மாறுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியும் மாறும். நெல்லைச் சீமையில் இது பல தடவை நடந்திருக்கிறது. அந்தக் கதை இது.

ஓட்டப் பந்தயம் தொடங்கப் போகிறது. சுண்ணாம்புக் கோட்டின் மேல் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். யார் ஜெயிப்பார் என்று கூட்டம் பார்க்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கோட்டில் யார் யார் நிற்கலாம்?

அதை முடிவு செய்வது இன்னொரு கோடு. அது மைதானத்தில் இல்லை. வரைபடத்தில் இருக்கிறது. அதுதான் மாவட்ட எல்லை!

படிப்படியாக...

தமிழ்நாட்டில் பள்ளி விளையாட்டு ஓர் ஏணி போன்றது. முதலில் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஆடும் குறுவட்டப் போட்டி. பிறகு மாவட்டப் போட்டி. அதற்கு மேல் மாநிலப் போட்டி. அதிலும் தேறினால் அகில இந்தியப் பள்ளிப் போட்டி. அகில இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1954-ல் தொடங்கப்பட்டது.

இந்த ஏணியில் நடுப்படி மாவட்டம். மாவட்டம் மாறினால், மோதும் பள்ளிகளும் மாறிவிடும்.

செங்கோட்டை வந்தது

பழைய திருநெல்வேலி ஜில்லா மிகப் பெரியது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பகுதிகள் அதில் சேர்ந்தன. வடக்கே ஒரு துண்டு போயிற்று.

1956 நவம்பர் 1-ந் தேதி மேற்கே ஒரு துண்டு வந்தது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த செங்கோட்டை, திருநெல்வேலியுடன் சேர்ந்தது. முதல் நாள் வரை செங்கோட்டைப் பள்ளிகளுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். மறுநாள் சென்னை! அதே நாளில் கன்னியாகுமரி தனி மாவட்டம் ஆயிற்று.

அப்போது சென்னை ராஜ்யத்தில் மொத்தம் 13 மாவட்டங்கள். இன்று தமிழ்நாட்டில் 38.

கோவில்பட்டி போனது

1986 அக்டோபர் 20-ந் தேதி பெரிய பிரிவினை நடந்தது. தூத்துக்குடி, திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், கோவில்பட்டி, விளாத்திகுளம் எல்லாம் சேர்ந்து சிதம்பரனார் மாவட்டம் ஆயின. இன்றைய தூத்துக்குடி மாவட்டம் அதுதான்.

கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய் நினைவுக்கு வரும். விளையாட்டுப் பிரியர்களுக்கோ ஹாக்கி நினைவுக்கு வரும். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் பெற்ற இந்திய அணியில் இடம்பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர்தான்.

1986-க்கு முன் கோவில்பட்டிப் பையன் கோல் போட்டால் பெருமை திருநெல்வேலி மாவட்டத்துக்கு. அதற்குப் பின் அதே பையன் எதிர்க்கட்சி! பாளையங்கோட்டைப் பையனுக்கு நேற்றுக் கூட்டாளி, இன்று எதிராளி. ஊர் ஓர் அங்குலம் கூட நகரவில்லை. கோடுதான் நகர்ந்தது.

மூன்று மாவட்டம், மூன்று முதல் பரிசு

2019 நவம்பர் 22-ந் தேதி மறுபடியும் பிரிவினை. தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கியது. செங்கோட்டை, சங்கரன்கோவில், கடையநல்லூர், சிவகிரி, ஆலங்குளம் உள்பட 8 தாலுகாக்கள் அதில் சேர்ந்தன. திருநெல்வேலிக்கு மிஞ்சியதும் 8 தாலுகாக்கள்தான். 1956-ல் வந்த செங்கோட்டை, 63 வருஷம் கழித்துப் போய்விட்டது.

இதில் லாபமா, நஷ்டமா?

முதலில் லாபம். செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி சுமார் 60 கிலோமீட்டர். விடியுமுன் எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். தென்காசியோ பக்கத்து ஊர். ஓடிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. முன்பு இந்தச் சீமை முழுவதற்கும் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரே ஒரு முதல் பரிசு. இன்று மூன்று மாவட்டம். மூன்று முதல் பரிசு. முன்பு மூன்றாவதாக வந்து, மேடை ஓரத்தில் நின்ற பையன், இன்று மாவட்ட வீரனாக மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஏழைப் பையனுக்கு அந்தச் சான்றிதழ் சாமானியமானதல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக் கதவைத் திறக்கும் சாவி அது.

நஷ்டமும் இல்லாமல் இல்லை. நல்ல எதிராளி இருந்தால்தான் கால் வேகம் பிடிக்கும். பக்கத்து ஊர்ப் புலி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டால், உள்ளூரில் சுலபமாக ஜெயிக்கலாம். ஆனால் மாநிலப் போட்டியில் அந்தப் புலி காத்துக்கொண்டு நிற்கும்! அங்கே இப்போது 38 மாவட்டப் பிள்ளைகள் மோதுகிறார்கள்.

கல்லூரிகளிலும் இதே கதைதான். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி 1923-ல் தொடங்கியது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தது. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1990-ல் நெல்லையிலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் போட்டியிடும் கல்லூரிகளின் பட்டியல் மாறியது.

பாரதி எந்த மாவட்டம்?

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாரதியார் தின விளையாட்டுப் போட்டி என்று ஒன்று நடக்கிறது. அந்தப் பாரதியார் எந்த மாவட்டத்துக்காரர்?

பிறந்தது எட்டயபுரம், அது இன்று தூத்துக்குடி மாவட்டம். படித்தது திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில். சில காலம் வாழ்ந்தது மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில். அது இன்று தென்காசி மாவட்டம். அவர் காலத்தில் மூன்றும் ஒரே ஜில்லா!

இன்று அந்த மூன்று ஊர்ப் பிள்ளைகளும் அவர் பெயரால் நடக்கும் போட்டியில் சேர்ந்து ஆட வேண்டுமானால், முதலில் தங்கள் தங்கள் மாவட்டத்தில் ஜெயிக்க வேண்டும். பிறகு மாநிலப் போட்டியில் சந்திக்கலாம். ஆளுக்கொரு மாவட்டத்தின் பெயரைச் சட்டையில் தாங்கி நிற்பார்கள். வாயைத் திறந்து "ஏலே!" என்று ஒருவன் கூப்பிட்டால் போதும். மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்!