அப்பா அம்மாவின் மாத்திரைச் செலவு: நம்ம கண்ணில் படாத 4 அரசு வழிகள்



பட்ஜெட் போடும்போது வாடகை, ஈஎம்ஐ, பெட்ரோல் எல்லாத்தையும் எழுதுவோம். அப்பாவின் சுகர் மாத்திரையும் அம்மாவின் பிரஷர் மாத்திரையும் மட்டும் "இதர செலவு" வரியில் ஒளிஞ்சுக்கும். பாரிவாக்கத்தில் குடியிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் ஒருத்தருக்கு இது மாசம் 2,400 ரூபாய்னு வைங்க. வருஷத்துக்கு 28,800. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் இதுக்குப் பெரும்பாலும் உதவாது. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் அது வேலை செய்யும்.

பணம் மட்டும் பிரச்சினை இல்லை. "பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்"னு மாசக் கடைசியில் பெற்றோர் ஒரு வேளை மாத்திரையை விட்டுடுவாங்க. நம்மகிட்ட சொல்லவும் மாட்டாங்க. குறைய வேண்டியது விலைதான், மாத்திரை இல்லை. அதுக்கான வழிகளைப் பார்ப்போம்.

1. பே ஸ்லிப்பில் இருக்கும் இஎஸ்ஐ

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. சம்பளம் 18,000 என்றால் உங்களிடமிருந்து 0.75%, அதாவது 135 ரூபாய் பிடிப்பாங்க. கம்பெனி 3.25%, அதாவது 585 ரூபாய் போடும். மொத்தம் மாசம் 720 ரூபாய் உங்க பேரில் போகுது. பலரும் இதை வெறும் பிடித்தம்னு நினைச்சு விட்டுடறாங்க. ஆனா இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் டாக்டர் ஆலோசனையும் மருந்தும் இலவசம். பெரிய சிகிச்சைன்னா அயனாவரம், கே.கே.நகர் இஎஸ்ஐ மருத்துவமனைகள் இருக்கு. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம். அவங்க வருமானத்துக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு. குடும்ப விவரத்தில் பெற்றோர் பேர் இருக்கான்னு ஹெச்ஆரிடம் இன்னைக்கே கேளுங்க. பேர் இல்லைன்னா அவங்களுக்கு மருந்து கிடைக்காது.

நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் உடனே வெளியே போயிட மாட்டீங்க. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலம் உண்டு. நடப்புக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும்.

2. மக்களைத் தேடி மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழக அரசு தொடங்கிய திட்டம். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து பரிசோதித்து மருந்து தர்றாங்க. "அது ஏழைங்களுக்குத்தானே"னு நாம ஒதுங்கிடுறோம். இதுக்கு வருமானச் சான்று தேவையில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பூந்தமல்லி அரசு மருத்துவமனையிலோ ஒருமுறை காட்டிப் பதிவு செய்யுங்க.

3. ஜன் ஔஷதி, முதல்வர் மருந்தகம்

அரசு மருத்துவமனைக்குப் போக வசதிப்படாதவங்களுக்கு இந்த வழி. மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகள் 2008-லிருந்து இருக்கு. பிராண்ட் மருந்தைவிட பொதுவா 50 முதல் 80% வரை விலை குறைவு. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24-ல் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இரண்டிலும் கிடைப்பது ஜெனரிக் மருந்துகள்: மூலப்பொருள் அதேதான், பிராண்ட் பேரும் விளம்பரச் செலவும் இல்லை. ஜன் ஔஷதி மருந்துகளை ஒவ்வொரு பேட்ச்சாக ஆய்வகத்தில் சோதிச்ச பிறகுதான் கடைக்கு அனுப்புறாங்க.

மேலே சொன்ன 2,400 ரூபாய் 60% குறைந்தால் மாசம் 960 ரூபாய்தான். வருஷத்துக்கு 17,280 ரூபாய் மிச்சம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சீட்டில் பிராண்ட் பேர் இருந்தால், அதுக்குப் பதிலாக வேறு மருந்தை மருந்தாளுநர் தன் இஷ்டத்துக்குத் தர சட்டம் அனுமதிக்காது. அதனால டாக்டரிடமே "ஜெனரிக் பேர் எழுதித் தாங்க சார்"னு கேளுங்க. தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகளை டாக்டரைக் கேட்காம மாத்தவே கூடாது. கிளம்பும் முன் ஜன் ஔஷதி சுகம் ஆப்பில் பக்கத்துக் கடையையும் விலையையும் பார்த்துடுங்க.

4. மிச்சச் செலவுக்கு வரிக் கழிவு

இது சிஏவா நான் சொல்ல வேண்டியது. பெற்றோருக்கு 60 வயது ஆகி, அவங்க பேரில் ஹெல்த் இன்சூரன்ஸ் எதுவும் இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவுக்கு வருஷம் 50,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம். 80டி என்று நமக்குப் பழக்கமான அதே கழிவுதான். இரண்டு நிபந்தனை: நீங்க பழைய வரி முறையில் இருக்கணும்; பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. யுபிஐயில் கட்டி, பில்லை வாங்கி வைங்க. கம்பெனி பாலிசியில் பெற்றோர் சேர்ந்திருந்தால் இந்தக் கழிவு கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எடுத்து, ஒவ்வொண்ணிலும் உள்ள மூலப்பொருள் பேர், மில்லிகிராம் அளவு, விலை மூணையும் ஒரு தாளில் எழுதுங்க. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளும் கூடப் போகட்டும். எழுதும்போதே அப்பாகிட்ட "ஒரு வேளையாவது விடுறீங்களாப்பா?"ன்னும் கேட்டுடுங்க.