ஜடேஜாவை சிஎஸ்கே 'வித்துடுச்சா'? சாம்சன் டிரேடும் ரசிகர்களின் கோபமும்: முழு விவரம்

சேப்பாக்கம் மைதானத்திலிருந்து 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விருதுநகர், சிவகாசி பக்கத்து சிஎஸ்கே ரசிகர்களுக்கு, அணி என்றால் டிவியில் பார்த்துப் பழகிய முகங்கள்தான். அதில் ஒரு முகம் ஒரே நாளில் காணாமல் போனால் கோபம் வராதா?

என்ன நடந்தது?

2025 நவம்பர் 15-ம் தேதி இந்த டிரேட் அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது. ராஜஸ்தான் கேப்டன் சஞ்சு சாம்சன் ரூ.18 கோடிக்கு சென்னைக்கு வந்தார். பதிலுக்கு ரவீந்திர ஜடேஜா, சாம் கரன் இருவரும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். ஜடேஜாவின் தொகை ரூ.18 கோடியில் இருந்து ரூ.14 கோடியாகக் குறைந்தது. கரனுக்கு ரூ.2.4 கோடி.

டிரேட் என்றால் என்ன?

ஏலத்துக்குப் போகாமல் இரண்டு அணிகள் நேரடியாகப் பேசி வீரர்களை மாற்றிக்கொள்வதுதான் டிரேட். பணம் மட்டும் கொடுத்தும் வாங்கலாம், ஆளுக்கு ஆள் மாற்றியும் வாங்கலாம். 2023-ல் குஜராத் கேப்டன் ஹர்திக் பாண்டியா மும்பைக்குத் திரும்பியதும் இப்படித்தான்.

ஆனால் வீரரின் சம்மதம் கட்டாயம். ஜடேஜா, கரன் இருவருடனும் பேசி ஒப்புக்கொண்ட பிறகே முடிவெடுத்ததாக சிஎஸ்கே நிர்வாகம் சொன்னது. ஆக, 'வித்துட்டாங்க' என்பது பாதிக் கதைதான்.

அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்?

ஜடேஜா 2012-ல் சிஎஸ்கேவுக்கு வந்தவர். 2023 இறுதிப் போட்டியில் கடைசி 2 பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது சிக்ஸர், பவுண்டரி அடித்து 5-வது கோப்பையைக் கையில் கொடுத்தவர். 2024-ல் 'கிரிக்கெட் தளபதி' என்ற பட்டத்தை சிஎஸ்கேவே அவருக்குக் கொடுத்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதே 2023 சீசனில் ஜடேஜா அவுட் ஆனால் தோனி இறங்குவார் என்று கேலரியில் கைதட்டல் கேட்டது. மேலே இறங்கினால், தான் எப்போது அவுட் ஆவோம் என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள் என ஜடேஜாவே சிரித்தபடி சொன்னார். இன்று கலங்குபவர்களில் அன்று கைதட்டியவர்களும் இருப்பார்கள்.

சிஎஸ்கே போட்ட கணக்கு என்ன?

2025 சீசனில் சென்னை முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. டிரேட் நடந்தபோது தோனிக்கு வயது 44. அவருக்குப் பிறகு ஒரு விக்கெட் கீப்பர் வேண்டும், மேல்வரிசையில் அதிரடியும் வேண்டும். சாம்சனுக்கு அப்போது வயது 31, ஜடேஜாவுக்கு 2025 டிசம்பரில் 37. கணக்குப்படி சரிதான். ஆனால் ரசிகர் மனசு வயசைப் பார்த்து ஆளைப் பிடிப்பதில்லையே!

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்கவே வேண்டியதில்லை. 2024-ல் டல்லாஸ் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோன லூகா டான்சிச், 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். விஷயம் அவருக்கே முன்கூட்டித் தெரியாது. கொதித்துப்போன ரசிகர்கள் மைதான வாசலில் சவப்பெட்டி வைத்துப் போராடினார்கள். அந்த டிரேடை முடித்த பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன், நவம்பர் 11-ம் தேதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சென்னை டிரேட் வெளியாவதற்கு வெறும் 4 நாள் முன்பு!

ரசிகர்களுக்கு என்ன மிச்சம்?

ஐபிஎல் டிரேடில் அணிகளுக்குக் கையெழுத்து உண்டு, வீரருக்கும் உண்டு. ஆசையாக 8-ம் நம்பர் மஞ்சள் ஜெர்சி வாங்கி வைத்த சிவகாசி ரசிகருக்குத்தான் அந்த வாய்ப்பு இல்லை. ராஜஸ்தானுக்கு எதிரான மேட்சில் பந்தோடு ஜடேஜா ஓடி வரும்போது கைதட்டுவதா, வேண்டாமா என்பதை மட்டும் அவரே முடிவு செய்துகொள்ளலாம்.