'ஏற்காடு தவிர...' - ஊரடங்குத் தளர்வு வந்தபோதெல்லாம் ஒரு மலை பட்ட பாடு!

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ காரைக் கிளப்பும் குடும்பங்களில் இப்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, "இ-பாஸ் எடுத்தாச்சா?" என்பதுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் இந்த இரண்டு மலைகளுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. நெரிசலைக் கட்டுப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. அந்த உத்தரவில் ஏற்காடு இல்லை.

ஆனால், இ-பாஸ் என்ற வார்த்தை ஏற்காட்டுக்குப் புதிதல்ல. கொரோனா காலத்தில் அந்த மலை அதை நன்றாகவே அனுபவித்திருக்கிறது. அதுவும் ஊரடங்கு கடுமையாக இருந்தபோது மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கத் தளர்வுகள் வந்துகொண்டிருந்த நாள்களிலும்!

2020 மார்ச் 25-ல் தொடங்கிய முழு ஊரடங்கில் குழப்பம் குறைவு. எல்லாமே மூடல், எல்லோருமே வீட்டில். தளர்வு வந்த பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. எது திறக்கும், எது திறக்காது, பஸ் எங்கே வரை போகும், யாருக்கு அனுமதி, எத்தனை மணி வரை... ஒவ்வோர் அறிவிப்பையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. ஏற்காட்டுக்காரர்கள் மூன்றாவது முறையும் படித்தார்கள். ஏனென்றால், அறிவிப்பின் கடைசியில் எங்காவது அவர்கள் ஊரின் பெயர் தனியாக இருக்கும்!

மாவட்டம் தாண்ட பாஸ் வேண்டாம்... மலை ஏற வேண்டும்!

முதல் அலையின்போது மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். திருமணம், மருத்துவம், இறப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே கிடைக்கும். விண்ணப்பித்துவிட்டு செல்போனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்கள் ஏராளம். 2020 ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் என்றானது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் முறையே ரத்து. மாவட்டத்துக்குள் பஸ்கள் ஓடத் தொடங்கின. செப்டம்பர் 7 முதல் மாவட்டங்களுக்கு இடையிலும் பஸ் வந்துவிட்டது.

ஊரே பெருமூச்சு விட்ட அந்த அறிவிப்பில்தான் ஒரு விதிவிலக்கு. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற சுற்றுலாத் தலங்களுக்குச் செல்ல மட்டும் மாவட்ட ஆட்சியரின் இ-பாஸ் தேவை.

ஏற்காடு தனி மாவட்டமல்ல. சேலம் மாவட்டத்துக்குள்ளேயே, சேலம் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் ஊர். சேலத்திலிருந்து கன்னியாகுமரிக்கு பாஸ் இல்லாமல் போகலாம், பக்கத்து மலைக்குப் போக பாஸ் எடுக்க வேண்டும் என்ற நிலை. சட்டப்படி பார்த்தால் காரணம் இருந்தது. ஆனால், அன்றாட வாழ்க்கைக்கு அந்தக் காரணம் எளிதில் புரியாது.

வாரா வாரம் ஒரு கெடு

இரண்டாவது அலையில் இது இன்னும் சிக்கலானது. 2021 ஏப்ரல் 20-ல் இரவு ஊரடங்கு அமலானபோதே, நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தடை விதிக்கப்பட்டது. மே மாதம் முழு ஊரடங்கு. ஜூன் 7 முதல் மெள்ளத் தளர்வுகள் தொடங்கின.

அப்போது தொற்று அதிகமாக இருந்த 11 மாவட்டங்கள் தனியாகப் பிரிக்கப்பட்டன. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என நீண்ட அந்தப் பட்டியலில் சேலமும் ஒன்று. மற்ற மாவட்டங்களுக்கு வந்த தளர்வுகள் பலவும் இந்த 11-க்கும் தாமதமாகவே வந்தன. சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் ஜூன் 21-லும், அடுத்த கட்டமாக வேறு பல மாவட்டங்களில் ஜூன் 28-லும் பஸ் ஓடத் தொடங்கியபோது, சேலம் ஜூலை 5 வரை காத்திருந்தது.

இதற்கு நடுவில், ஜூன் மாதத் தளர்வு அறிவிப்பிலும் அந்தத் தனி வரி இருந்தது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி, குற்றாலம் ஆகிய இடங்களுக்கு அவசரக் காரணங்களுக்காகச் செல்லவும் மாவட்ட ஆட்சியரிடம் இ-பாஸ் பெற வேண்டும். பின்தங்கிய பட்டியலில் இருந்த ஒரு மாவட்டம், அதற்குள் இன்னும் ஒரு படி பின்னால் நிறுத்தப்பட்ட ஒரு மலை!

பஸ் வந்த பிறகும் பாதி இருக்கைகளில்தான் ஆள் ஏற்ற முடியும். நகரத்தில் ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் வரும். மலைக்கிராமத்தில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். டூ வீலர் இல்லாத வீட்டில் ஒரு மாத்திரை வாங்கவும், ரேஷன் கடை தாண்டிய ஒரு சாமான் வாங்கவும் வாடகை வண்டியைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொரு எரிச்சல், தேதி. ஜூன் 7, 14, 21, 28, ஜூலை 5, 12, 19, 31, ஆகஸ்ட் 9, 23 என ஊரடங்கு நீட்டிப்பின் கெடு மாறிக்கொண்டே போனது. ஒவ்வொரு கெடுவும் முடியப்போகும் நேரத்தில்தான் அடுத்தது என்னவென்று தெரியும். தங்கும் விடுதி நடத்துபவர் அடுத்த வாரத்துக்கு அறை பதிவு செய்யலாமா, கூடாதா? முன்பணம் வாங்கினால், தடை நீடித்தால் திருப்பித் தர வேண்டும். வாங்காவிட்டால், தடை நீங்கினால் அறை காலியாகக் கிடக்கும். போதாக்குறைக்கு, போன மாத அறிவிப்பைப் புதிய அறிவிப்பாக நினைத்து ஃபார்வர்டு செய்யும் வாட்ஸ்அப் குரூப்கள் வேறு.

சனி, ஞாயிறு இல்லாத வாரம்

ஜூலை 5-ல் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே மாதிரியான தளர்வு வந்தது. இ-பாஸும் போனது. 'அப்பாடா' என்று இருந்தது சில வாரங்கள்தான். ஆகஸ்ட்டில் சேலம் மாவட்ட நிர்வாகம் புதிய கட்டுப்பாடுகளை அறிவித்தது. சனி, ஞாயிற்றுக் கிழமைகளில் சுற்றுலாப் பயணிகள் ஏற்காட்டுக்கு வரத் தடை. மற்ற நாள்களில் வருபவர்களிடம் இரண்டு தவணை தடுப்பூசிச் சான்றிதழோ, 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர் பரிசோதனைச் சான்றிதழோ இருக்க வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால், வாரத்தில் ஐந்து நாள் திறந்திருக்கிறது, இரண்டு நாள்தான் தடை. ஆனால், ஏற்காட்டின் கணக்கு வேறு. சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி என்று சுற்றுவட்டாரக் குடும்பங்கள் காலையில் ஏறி, ஏரியில் படகு ஓட்டி, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்து, பகோடா பாயின்ட் வரை போய் இரவுக்குள் இறங்கிவிடும் மலை இது. 'ஏழைகளின் ஊட்டி' என்ற பெயர் சும்மா வரவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு லீவு கிடைப்பதே சனி, ஞாயிறுதான். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுபவருக்கும், சோளம் சுடுபவருக்கும், காபித்தூளும் மிளகும் விற்பவருக்கும், டாக்ஸி ஓட்டுபவருக்கும் வாரம் என்பது அந்த இரண்டு நாள்தான். மீதி ஐந்து நாளில் கடையைத் திறந்து வைக்கலாம்... வாங்க ஆள் வேண்டுமே?

சரி, வார நாளில் லீவு போட்டாவது வரலாம் என்று நினைத்தவர்களுக்கு சான்றிதழ் சிக்கல். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் தடுப்பூசி வேகமெடுத்தது 2021 மே பிற்பகுதியில். கோவிஷீல்டுக்கு இரண்டு தவணைகளுக்கு இடையே குறைந்தது 84 நாள் இடைவெளி. கணக்குப் போட்டால், மே கடைசியில் முதல் ஊசி போட்ட ஓர் இளைஞருக்கு ஆகஸ்ட் பிற்பகுதிக்கு முன்னால் இரண்டாவது ஊசிக்கு வாய்ப்பே இல்லை. அவர் விரும்பினாலும் விதியைப் பூர்த்தி செய்ய முடியாது.

மிச்சமிருந்த வழி பரிசோதனை. தனியார் ஆய்வகங்களில் ஆர்.டி.பி.சி.ஆருக்கு அரசு நிர்ணயித்திருந்த கட்டணம் 900 ரூபாய். நான்கு பேர் என்றால் 3,600 ரூபாய். மலையேறும் முன்பே ஒரு நாள் அறை வாடகை போய்விட்டது! அதோடு, 72 மணி நேரக் கெடு. செவ்வாய்க்கிழமை பரிசோதனை, புதனன்று முடிவு, வியாழனன்று பயணம், சனிக்கிழமைக்கு முன் இறக்கம் என்று திட்டமிட்டால்தான் உண்டு. கட்டுப்பாட்டை மதிக்க நினைத்தவர்களே "வேண்டாம்பா, வீட்லயே இருப்போம்" என்று முடிவெடுத்த காலம் அது.

யார் டூரிஸ்ட்?

சேலம் வழி அடிவார செக்போஸ்ட், குப்பனூர் வழி செக்போஸ்ட். மலைக்கு ஏறும் இந்த இரண்டு வழிகளிலும் சோதனை நடக்கும்போது எழும் கேள்வி ஒன்றுதான்... வண்டியில் இருப்பவர் டூரிஸ்ட்டா, உள்ளூர்க்காரரா?

ஏற்காடு முகவரி போட்ட ஆதார் இருந்தால் பேச்சு சுலபம். ஆனால், நாகலூரில் பிறந்து சேலத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் சனிக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்தால்? அவருடைய ஆதாரில் இருப்பது சேலம் முகவரி. கட்டட வேலைக்கு ஏறும் கொத்தனார்? மலையில் ஒரு ஏக்கர் காபித் தோட்டம் வைத்துக்கொண்டு கீழே குடியிருப்பவர்? இவர்கள் யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்கள் அல்ல. ஆனால், அதை ஒவ்வொரு முறையும் நின்று விளக்க வேண்டும். கேட்கும் காவலருக்கும் அது சலிப்புதான். 'சுற்றுலாப் பயணி' என்று எழுதுவது எளிது. செக்போஸ்ட்டில் ஒருவரின் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

ஏற்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏரி, பூங்கா, கரடி குகை, கிளியூர் அருவி. ஆனால் அது ஒரு தாலுகா. பழங்குடி மக்கள் வாழும் பல கிராமங்கள், காபித் தோட்டத் தொழிலாளர்கள், பள்ளிகள், சந்தைகள் எல்லாம் சேர்ந்த ஊர். அறிவிப்புகளில் வந்தது டூரிஸ்ட் ஸ்பாட் ஏற்காடு. அதன் பலனை அனுபவித்தது மக்கள் வாழும் ஏற்காடு.

தடையில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். டெல்டா அலையின்போது மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. மலையில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் தீவிரமானால், 20 வளைவுகள் இறங்கி சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். விடுமுறைக் கூட்டம் தொற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனால், மாட்டிக்கொள்வது மலைக்கிராமங்கள்தான்.

அதனால், பஜ்ஜிக் கடைக்காரருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயம். கூட்டம் வந்தால் வீட்டிலிருக்கும் வயதானவர்களுக்கு ஆபத்து. வராவிட்டால் அடுப்பு எரியாது. இதில் எது சரி என்று வெளியிலிருந்து சொல்வது சுலபமில்லை. தடை போட்டதில் அல்ல, தடையின் சுமையை யார் தூக்குவது என்று யோசிக்காமல் விட்டதில்தான் குறை.

போன இரண்டு சீசன்

மலைக்கு ஆண்டு வருமானம் ஏப்ரல், மே மாதங்களில். 2020 கோடை முழு ஊரடங்கில் போனது. 2021 கோடை இரண்டாவது அலையில் போனது. மே மாதத்தில் நடக்கும் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் இரண்டு ஆண்டுகளும் நடக்கவில்லை. மலைவாழ் மக்கள் கூடும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் அதே கதி. வழிபாட்டுத் தலங்கள் அப்போது மூடப்பட்டிருந்தன.

பிள்ளைகளின் கணக்கு இன்னும் வருத்தமானது. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, முதன்முதலாக வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் 1 அன்று. அதற்குள் அது இரண்டாம் வகுப்பு! தமிழ்நாடு முழுக்க இதே நிலைதான். ஆனால், சிக்னல் தேடி மேட்டுக்கும் பாறைக்கும் ஏற வேண்டிய கிராமங்களில் 'ஆன்லைன் வகுப்பு' என்பதற்கு அர்த்தமே வேறு.

சின்னச் சின்னத் தொல்லைகளுக்கும் குறைவில்லை. மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம். 2022 ஜனவரியில் அது 500 ரூபாய் ஆனது. ஏப்ரல் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டு, அதே மாதம் சென்னை ஐ.ஐ.டி-யில் தொற்று பரவியதும், மாஸ்க் போடாவிட்டால் 500 ரூபாய் என்ற அறிவிப்பு திரும்பி வந்தது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் மாஸ்க்கும் மூக்குக்கண்ணாடியும் சேர்த்துப் போட்டுக்கொண்டு டூ வீலர் ஓட்டியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்!

ஒருவழியாக, 2022 மே மாதம் ஏற்காடு கோடை விழா மீண்டும் நடந்தது. அண்ணா பூங்காவில் பூக்கள் அடுக்கப்பட்டன. மலைப்பாதையில் டிராஃபிக் ஜாம். அதுவரை ஜாம் என்றால் எரிச்சலடைந்த ஊர், அந்த ஆண்டு அதைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

அடுத்த முறைக்கு ஒரு பாடம்

2024-ல் ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. உள்ளூர் மக்களின் வாகனங்களுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்றும் தெளிவாகச் சொல்லப்பட்டது. மலையில் வாழ்பவர் வேறு, மலைக்கு வருபவர் வேறு என்பது விதியிலேயே எழுதப்பட்டிருந்தது.

கொரோனா காலத்தில் ஏற்காட்டுக்குக் கிடைக்காதது அந்தத் தெளிவுதான். நாளை தொற்றோ, நிலச்சரிவோ, நெரிசலோ எது காரணமாக இருந்தாலும், ஒரு மலையை மூட வேண்டி வரலாம். அப்போது அறிவிப்பில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருந்தால் போதும். உள்ளூர்க்காரர் என்பதற்கு எது அடையாளம், குறைந்தது எத்தனை நாள் முன்கூட்டியே சொல்லப்படும், வருமானமே அந்த இரண்டு நாள்தான் என்று வாழ்பவர்களுக்கு என்ன வழி.

'ஏற்காடு தவிர' என்று எழுத இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தைக்குள் எத்தனை வீட்டு அடுப்புகள் இருக்கின்றன என்பதை எழுதுவதற்கு முன் எண்ணிப் பார்த்தால் நல்லது!