ஓட்டை இருந்தாலும் கரண்ட் தரும் பெரோவ்ஸ்கைட் சோலார்... சடையங்குப்பம் உப்புக்காத்தை தாங்குமா?

சோலார் பேனல்னு சொன்னாலே நமக்கு தெரிஞ்சது சிலிக்கான்தான். அதுக்கு போட்டியாக வந்திருக்கும் பொருள் பெரோவ்ஸ்கைட். 2009-ல் ஜப்பானின் மியாசாகா குழு இதை வைத்து சோலார் செல் செய்தபோது, விழுந்த வெயிலில் 3.8% மட்டுமே மின்சாரமானது. இன்று சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் பூசிய சின்ன செல்கள் ஆய்வகத்தில் 34 சதவீதத்தை தாண்டிவிட்டன.

ஆச்சரியம் என்னன்னா, இந்தப் பொருளுக்குள் எங்கு பார்த்தாலும் ஓட்டை!

ஓட்டையோடு எப்படி ஓடுது?

சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்கி, 99.9999% சுத்தமாக்கி, அணுக்களை வரிசை தப்பாமல் அடுக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டுக்கு அந்தப் பாடு கிடையாது. ரசாயனக் கரைசலை கண்ணாடியில் பூசி, சுமார் 100 டிகிரியில் காய வைத்தால் படலம் ரெடி. ஆனால் அவசரமாக காயும்போது அங்கங்கே அணு விட்டுப்போகும், இடம் மாறி உட்காரும். இதைத்தான் குறைபாடு என்கிறார்கள்.

மணலி விரைவு சாலையில் துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரியை நினைச்சுக்கோங்க. வெயில் பட்டதும் கிளம்பும் எலக்ட்ரான்தான் அந்த லாரி. சிலிக்கானில் வேற்று அணு ஒன்று கலந்தால் பெரும்பாலும் அது ஆழமான பள்ளம். லாரி அதில் சிக்கினால் சரக்கு போச்சு, ஆற்றல் வெறும் சூடாக வீணாகும். பெரோவ்ஸ்கைட்டில் ஈயமும் அயோடினும் பிணைந்திருக்கும் விதத்தால் பெரும்பாலான பள்ளங்கள் மேலோட்டமானவை. லாரி குலுங்கிட்டு போய்க்கிட்டே இருக்கும்.

எல்லாமே அப்படி இல்லை. படலத்தின் மேற்பரப்பிலும், படிகத் துகள்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளிலும் ஆழமான பள்ளங்கள் உண்டு. அங்கே எலக்ட்ரான் சிக்கினால் முதலில் அடி வாங்குவது வோல்டேஜ். அந்த இடங்களை வேறு ரசாயனம் பூசி அடைக்கிறார்கள், சாலைக்கு ஒட்டு போடுவது மாதிரி. செல்லின் திறன் இவ்வளவு ஏறியதில் இந்த ஒட்டு வேலைக்கு பெரிய பங்கு உண்டு.

நகரும் பள்ளம்

உண்மையான தலைவலி இதுதான். அயோடின் விட்டுப்போன காலி இடம் ஒரே இடத்தில் நிற்காது. வெயில், சூடு, வோல்டேஜ் மூன்றும் சேர்ந்தால் இன்னும் வேகமாக நகரும். அதனால் ஒரே செல்லை வோல்டேஜை ஏற்றி அளந்தால் ஒரு கணக்கு, இறக்கி அளந்தால் வேறு கணக்கு! ஈரமும் இந்த பலவீனமான இடங்கள் வழியாகத்தான் உள்ளே இறங்கும். கருப்பாக இருந்த படலம் மஞ்சள் ஆனால் அது ஈய அயோடைடாக சிதைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கரண்ட்டை மறந்துட வேண்டியதுதான்.

சடையங்குப்பத்தில் எடுபடுமா?

எண்ணூர் கழிமுகம் பக்கத்தில் இருக்கும் ஊர். உப்புக்காற்று, ஆண்டு முழுக்க புழுக்கம். மே மாதத்தில் மாடி பேனலின் சூடு 60 டிகிரியை தாண்டலாம். குறைபாடுகளை கிளறிவிட இதைவிட தோதான சூழல் தேவையில்லை.

கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் திறந்தால் வெள்ளம் புகும் ஊரும்கூட. பேனல் உடைந்தால் ஈயம் தண்ணீரில் கலக்குமே என்ற கேள்வி நியாயமானது. அளவு குறைவுதான், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் கீழே. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் கிலோ கணக்கில் ஈயம் இருக்கு. ஆனால் பெரோவ்ஸ்கைட்டில் உள்ள ஈயம் தண்ணீரில் எளிதாக கரையும், அதனால் இறுக்கமாக சீல் செய்தே ஆகணும்.

எப்போ கடைக்கு வரும்?

பிரிட்டனில் தொடங்கிய ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனம், சிலிக்கானோடு சேர்த்த பேனல்களை 2024 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு விற்பனைக்கு அனுப்பியது. இந்தியாவில் மும்பை ஐஐடியில் பேராசிரியர் தினேஷ் கப்ராவின் குழு இதே ரக செல்களில் வேலை செய்கிறது.

சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியத்தோடு இப்போது மாடியில் ஏறுவது சிலிக்கான் பேனல்தான். நாளைக்கு யாராவது பெரோவ்ஸ்கைட் பேனல் விற்க வந்தால், திறன் எத்தனை சதவீதம் என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்க: 85 டிகிரி சூடு, 85% ஈரப்பதத்தில் 1,000 மணி நேர சோதனையில் பாஸா? கடலோர உப்புப் படிவு சோதனை செய்தாச்சா?