உண்ணச் சொல்லும் நோன்பு

யூதர்களின் நோன்பு நாள்களுள் தலையாயது 'யோம் கிப்பூர்' எனும் பாவமன்னிப்பு நாள். கதிரவன் மறையுமுன் தொடங்கி மறுநாள் இருட்டும் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் உணவில்லை. ஒரு மிடறு தண்ணீரும் இல்லை. குளிப்பதும் தோல் காலணி அணிவதும்கூட விலக்கு. மற்ற நோன்புகள் ஓய்வுநாளான சனிக்கிழமையில் வந்தால் வேறு நாளுக்கு மாறும், இது மாறாது.

இத்தனை கடுமையான நாளில் நோயாளி என்ன செய்வார்? நீரிழிவுள்ள என் பாட்டி சஷ்டி விரதத்தில் மயங்கி விழுந்த பிறகு எனக்குள் எழுந்த கேள்வி இது. யூதர்களின் தல்மூத் நூல் தெளிவாகவே விடை சொல்கிறது. உணவு வேண்டுமென நோயாளி கேட்டு, தேவையில்லை என மருத்துவர் சொன்னால் நோயாளியின் சொல்லே செல்லும். அவர் வலி அவருக்குத்தானே தெரியும்! மருத்துவர் வேண்டுமென்று சொல்லி நோயாளி மறுத்தால், அப்போதும் உணவு கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் உண்பது சலுகையன்று, கடமை.

இன்றும் சமய அறிஞர்கள் சில நோயாளிகளுக்கு, ஒரு வேளைக்கு 30 மில்லிலிட்டருக்கும் குறைவான உணவை, 9 நிமிட இடைவெளி விட்டு உண்ணச் சொல்வதுண்டு. அது போதாதென்றால் இந்தக் கணக்கும் இல்லை.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். "அவங்களுக்குச் சரிய்யா" என்றார்.