விழித்திரைப் படத்தில் கணினி எதைத் தேடுகிறது?

சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலி இருக்காது, பார்வையும் மங்காது. நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமாகி, குண்டூசி முனைபோல் சிவப்புப் புள்ளிகளாகப் புடைக்கும். கசியும் கொழுப்பு மஞ்சள் திட்டாகப் படியும். படம் எடுத்தால் தெரிந்துவிடும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் எல்லா ஊரிலும் கண் மருத்துவர் இல்லை.

அப்படிப் படத்தைப் பார்த்துச் சொல்லக் கணினி எப்படிக் கற்றது? 2016-இல் கூகுள் குழு வெளியிட்ட ஆய்வில் சுமார் 1,28,000 படங்களைக் காட்டிக் கணினிக்குப் பயிற்சி தந்தார்கள். அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அந்த ஆய்வுக்கு உதவின. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 முறை மருத்துவர்கள் தரம் பிரித்தார்கள். ஏனென்றால் ஒரே படத்துக்கு இருவர் இரண்டு விதமாகச் சொல்வது சகஜம். புள்ளி இப்படித்தான் இருக்கும் என்று யாரும் விதி எழுதவில்லை. மருத்துவர்கள் சொன்ன தரத்திலிருந்து தவறும்போதெல்லாம் கணினி தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. ஆனால் கண்புரை முற்றிப் படம் மங்கலாக விழுந்தால் கணினிக்கும் வழியில்லை. மருத்துவர்தான் நேரில் பார்க்க வேண்டும்.